சட்டாம்பிள்ளை முதல் ஏணிப்படி வரை

யூபிலி மலருக்கு நம் தொடக்கப் பள்ளியைப் பற்றி எழுதித் தரும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். அடிக்கல் நாட்டிய நாள், கட்டடத்தைத் திறந்து வைத்தவர், தலைமை ஆசிரியர்களின் வரிசை ஆகியவை கல்வெட்டிலும் பதிவேட்டிலும் இருக்கின்றன. அவற்றை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி தொடங்குகிற நாள்களில் பிள்ளைகள் எப்படி உட்காருகிறார்கள், யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்ற சிறிய விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் பின்னே இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கும் உண்டு.

முதலில் மாதத்தைக் கவனியுங்கள். பள்ளி திறப்பது ஜூன். 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு, பாசனத்துக்குத் தண்ணீர் விட வேண்டிய நாள் என்று வழக்கமாகிவிட்டது ஜூன் 12. தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரியிலும் வெண்ணாற்றிலும் பிரிந்து, வாய்க்கால் வழியே கடைமடைக்கு வந்து சேரும் அதே நாள்களில்தான் வகுப்பறைக் கதவும் திறக்கிறது. குறுவை நாற்றங்கால், நாற்றுப் பறி, நடவு என்று வீட்டில் பெரியவர் எவரும் நிற்க மாட்டார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் இருக்க வேண்டும். வயலுக்குக் கஞ்சி கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். ஆடு மாடு பயிரில் வாய் வைக்காமல் ஓட்டிக்கொண்டு போக ஒரு பையன் வேண்டும். நான் சிறுவனாக இருந்த 1970களில்கூட, ஜூன் மாத வருகைப் பதிவேட்டில் வந்தவர் பெயருக்கு நேரே கோடும், வராதவர் பெயருக்கு நேரே வட்டமுமாக, சில வீட்டுப் பிள்ளைகளின் வரிசை முழுவதும் வட்டமாகவே இருக்கும். அந்த வட்டங்கள் எந்தத் தெருவுக்கு உரியவை என்பதை ஊரில் யாரும் கேட்க வேண்டியதில்லை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பள்ளி ஆண்டு என்று ஒன்று கிடையாது. விஜயதசமியன்றோ வேறொரு நல்ல நாளிலோ பிள்ளையைக் கொண்டுபோய் வாத்தியாரிடம் விடுவார்கள். வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து, பரப்பிய மணலிலோ அரிசியிலோ முதல் எழுத்தை எழுதுவிப்பார். அன்றுதான் அந்தப் பிள்ளைக்குப் பள்ளி திறந்த நாள். பக்கத்தில் இருப்பவன் ஆறு மாதம் முன்பு வந்தவனாக இருப்பான். அதற்கடுத்தவன் ஓலைச்சுவடிக்குப் போய்விட்டவனாக இருப்பான். இன்னும் பெரியவன் எண்சுவடியை ஒப்பித்துக்கொண்டு இருப்பான். எல்லோருக்கும் ஒரே திண்ணை, ஒரே வாத்தியார். இத்தனை படிகளில் நிற்கிற பிள்ளைகளை ஒரு மனிதர் எப்படிச் சமாளித்தார்?

அங்கேதான் சட்டாம்பிள்ளை வருகிறான். நன்றாகப் படித்த பெரிய பையன் ஒருவனை வாத்தியார் அந்தப் பொறுப்பில் வைப்பார். அவன் முறை சொல்லுவான். மற்றவர்கள் கூட்டாகத் திருப்பிச் சொல்லுவார்கள். மணலில் எழுதுகிற சின்னவனின் கையைப் பிடித்துத் திருத்துவதும் அவன் வேலை. அவனுக்குக் கீழே அவனைவிடச் சிறியவர்கள், தங்களைவிடச் சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். வாத்தியார் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும் திண்ணை ஓடிக்கொண்டிருக்கும். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் இத்தகைய திண்ணைகளில்தான் படிப்பைத் தொடங்கினார். தம் 'என் சரித்திர'த்தில் அதை நிறையவே எழுதியிருக்கிறார். அவர் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது, வாத்தியார்களும் மாறினார்கள். ஆயினும் விட்ட இடத்தில் தொட்டுக்கொள்ள முடிந்தது. எந்த வகுப்பு, எத்தனை மாதம் தவறினாய் என்று கேட்பதற்கு அங்கே வகுப்பே இல்லை.

திண்ணையைப் பற்றி இனிப்பாகவே பேசிவிட்டுப் போவது நியாயமாகாது. கோதண்டம் என்று ஒரு தண்டனை இருந்தது. பையனைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். பிரம்பும் உண்டு. பள்ளாரி மாவட்டக் கலெக்டராக இருந்த காம்பெல் என்பவர் 1823இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில், அம்மாவட்டப் பள்ளிகள் காலையில் தொடங்கும் விதத்தை விவரித்திருக்கிறார். முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி. அவனுக்குப் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். கடைசியில் வருபவனின் கதியை நீங்களே எண்ணிப் பாருங்கள். பள்ளாரி தெலுங்கும் கன்னடமும் பேசும் சீமை. ஆனால் அப்போது நம்மோடு ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தது.

அதே காம்பெல், அதே அறிக்கையில், முன்னேறிய பிள்ளைகளைக் கொண்டு பின்னால் வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்யும் முறையை மனம் திறந்து பாராட்டுகிறார். சொல்லிக் கொடுப்பவனுக்கே தான் கற்றது உறுதிப்படுகிறது என்கிறார். இங்கிலாந்து இதைப் பார்த்துப் பின்பற்றியது தகும் என்றும் சொல்லுகிறார். அந்த அறிக்கை, கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுவதும் எடுக்கச் சொன்ன பள்ளிக் கணக்கின் ஒரு பகுதி. 1826இல் மன்றோ தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும் 884 பள்ளிகளும் 109 உயர்கல்விக் கூடங்களும் கணக்கில் வந்தன. நம் முன்னோர் எழுத்தறியாதவர்கள் என்று பொத்தாம் பொதுவாகப் பேசுபவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்து பின்பற்றியது என்றாரே, அது எப்படி நடந்தது? ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஆங்கிலிக்கன் சபைக் குரு, 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் சிறுவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்க முடியாமல் திணறினார்கள். ஒரு நாள் காலை குதிரைமேல் போகும்போது, தமிழ்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பெல் கண்டார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். ஆசிரியர்கள் இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்களால் ஆகாதது அந்தப் பையனால் ஆயிற்று. பிறகு மற்ற வகுப்புகளையும் படிப்படியாகப் பையன்களின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

1796இல் பெல் ஊர் திரும்பினார். மறு ஆண்டில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1798இல் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் லண்டனில் இதைப் போன்ற பள்ளி ஒன்றை நடத்தத் தொடங்கினார். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்றதும் இந்த முறை காட்டுத் தீ போல் பரவியது. அதற்கு அங்கே வழங்கிய பெயர் 'மதராஸ் முறை'. பெல் கொடுத்த பணத்தில் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே பெயர். பெயர் தெரியாத ஏதோ ஒரு திண்ணை வாத்தியாரின் மணல் அப்படிக் கடல் கடந்து போயிற்று. அவருக்கு அது தெரிந்திருக்கவும் மாட்டாது.

ஆனால் கடல் கடந்ததும் குணம் மாறிவிட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கூடத்தில் உட்கார, மணி அடித்ததும் பலகையைத் தூக்கி, இன்னொரு மணிக்குக் கீழே வைத்து, பட்டாளத்து அணிவகுப்பு போல ஆகிவிட்டது பாடம். பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்துச் சொல்லிக் கொடுத்த பிள்ளை, அங்கே அதிகாரியானான். பின்னாளில் நம் நாட்டுக்கு அது 'மானிட்டர்' என்ற பெயரோடு திரும்பி வந்தபோது, கரும்பலகையில் பேசியவர் பெயரை எழுதி வைப்பதுதான் அவன் வேலை என்றாகிவிட்டது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளையும் இந்தப் பழிக்குத் தப்பவில்லை. யாராவது அதிகாரம் செய்தால் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்று இன்றும் சொல்கிறோம். சொல்லிக் கொடுத்த நினைவு போய், மிரட்டிய நினைவே சொல்லில் தங்கியிருக்கிறது.

இனி, மனம் கசந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லுகிறேன். திண்ணை என்பது ஒரு வீட்டின் திண்ணை. அந்தத் தெருவுக்குள் யார் நடக்கலாம் என்பதே முன்கூட்டித் தீர்மானமாகியிருந்தது. மன்றோவின் கணக்கில் தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களுள் பெரும்பாலோர் பிராமணர் அல்லாதவர் என்பது உண்மை. இது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஆனாலும் சேரிப் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. பெண் பிள்ளைகளின் நிலையும் அப்படியே. மாகாணம் முழுவதும் கணக்கில் வந்த 1,88,650 மாணவர்களுள் பெண்கள் 4,540 பேர்தாம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த நம் வேதநாயகம் பிள்ளை 1869இல் 'பெண்மதி மாலை'யை வெளியிட்டுப் பெண் கல்விக்காக வாதாட வேண்டியிருந்தது என்றால், நிலைமை எப்படி இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கும் முறை எவ்வளவு நல்லதானாலும், அந்த 'ஒருவருக்கொருவர்' என்பதற்குள் யார் யார் அடக்கம் என்ற கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது.

மிஷன் பள்ளிகள் வந்ததும் இந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது என்று யூபிலி மேடையில் பேசிவிடலாம். அது முழு உண்மை ஆகாது. கோவிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று உட்கார்ந்த சமூகம் நாம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கோவிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற தடுப்பு 1910இல்தான் அகன்றது. அதற்கும் வழக்கு மன்றம் வரை போனார்கள். அப்படியிருக்க, பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார எத்தனை குருக்களும் கன்னியரும் உபதேசியார்களும் எத்தனை வீட்டு வாசலில் நின்று பேசியிருப்பார்கள்! நம் வட்டாரத்தில் உபதேசியார் பலரே முதல் ஆசிரியர். ஞானோபதேசம் முதலில், அதன் பிறகு அரிச்சுவடி. பெரிய பெண்கள் சின்னப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துச் செபங்களை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்ததைப் பாட்டிமார் பலர் இன்றும் சொல்வார்கள். திண்ணையின் முறை கோவில் நிழலில் அப்படித் தொடர்ந்தது. ஆனால் இங்கே உட்கார்ந்தவர்கள் வேறு.

1854இல் வந்த உட் துரையின் கல்வி அறிக்கைக்குப் பிறகு அரசு மானியம் கிடைத்தது. மிஷன் பள்ளிகள் பெருகின. மானியம் வேண்டுமானால் பதிவேடு வேண்டும். பதிவேடு வேண்டுமானால் வகுப்பு வேண்டும். வகுப்புக்கு ஓர் ஆரம்ப நாளும் ஒரு முடிவு நாளும் வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து இந்த வகுப்பில் இத்தனை பேர் தேர்ச்சி என்று குறித்துக்கொண்டு போவார். இதனால் ஒழுங்கு வந்தது, கணக்கு வந்தது, மறுக்கவில்லை. கூடவே 'பின்தங்கியவன்' என்ற ஒரு புதிய பிள்ளையும் வந்தான். குறுவை நடவுக்கு வீட்டில் நின்றவன் ஜூலையில் வரும்போது வகுப்பு மூன்று பாடம் தாண்டிப் போயிருக்கும். அவனுக்கு ஒன்றும் விளங்காது. ஒரு வாரம் உட்கார்ந்து பார்ப்பான். பிறகு மாட்டோடு போய்விடுவான். பண்ணையாள் குடும்பமாக இருந்தால் போக விடாமல் தடுக்கவும் முடியாது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான். 1956இல் காமராசர் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டம் அந்தப் பிள்ளைகளில் பலரைத் திரும்ப அழைத்து வந்தது. வந்தவன் எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது என்பதற்கு மட்டும் நெடுங்காலம் பதில் இல்லை.

பதில், ஆந்திரத்தின் மதனப்பள்ளியை அடுத்த ரிஷி வேலியிலிருந்து வந்தது. அங்கே ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக அட்டைகளைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த விஜயகுமார் ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்துவரச் செய்து, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007-08இல் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரோடு தமிழ்நாடு முழுவதும் நான்காம் வகுப்பு வரை வந்துவிட்டது. சுவரில் ஏணிப்படி என்று ஒரு படம் தொங்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம், ஒரு அட்டை. பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, தனக்கான அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். உட்காருவதற்கு ஆறு குழுக்கள். ஆசிரியரின் துணையோடு கற்பவர்கள் ஒரு பக்கம், ஓரளவு துணை போதும் என்பவர்கள் அடுத்து. பிறகு, உடன் படிக்கும் பிள்ளையின் துணையோடு முழுதும் கற்பவர்கள், ஓரளவு கற்பவர்கள், தானாகவே கற்பவர்கள், கற்றதைச் சோதித்துப் பார்ப்பவர்கள். இவற்றுள் இரண்டு குழுக்கள் பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியர்! திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எவராவது எழுந்து வந்து பார்த்தால், இதற்கா இத்தனை பயிற்சி வகுப்பு என்று கேட்டிருப்பார்.

பள்ளி திறந்த முதல் வாரம் முழுவதும் இந்தப் பழக்கங்களுக்கே போய்விடும். வருகையைப் பிள்ளைகளே குறிப்பார்கள். இன்று வெயிலா மேகமா என்று வானிலை அட்டவணையில் குறிப்பார்கள். பல் தேய்த்தேனா, நகம் வெட்டினேனா என்பதை ஆரோக்கியச் சக்கரத்தில் காட்டுவார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை தீட்டி, ஆளுக்கு ஒரு கட்டம் உண்டு. எட்டு நாள் நடவுக்குப் போய் வந்த பிள்ளை, எட்டு நாள் முன்பு நின்ற படியிலேயே வந்து நிற்கும். யாரும் அதைப் பின்தங்கியது என்று சொல்ல முடியாது.

இதன் குறைகளும் ஊரறிந்தவை. பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள், புத்தகம் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். அட்டைகள் கிழிந்தன; கிழிந்ததற்கு மாற்று வரவில்லை. முதல் படியிலேயே ஓராண்டு நின்றுவிட்ட பிள்ளையை யாரும் கவனிக்காமல் போன இடங்களும் உண்டு. ஆசிரியைகள் பலர் எழுதிய பதிவேடுகளின் எடையைச் சொல்லி மாளாது. ஆனால் பயம் தெளிந்தது என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதுவும் சிறிய காரியமல்ல.

ஒரு பாயில் வட்டமாக உட்கார இடம் வேண்டும். அந்த இடம் பத்திரமாகவும் இருக்க வேண்டும். இதை எழுதும்போது கும்பகோணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16, பள்ளி திறந்து சில வாரங்களே ஆகியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. கீற்றுக் கூரையின் கீழ் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த 94 பிள்ளைகள் தீயில் மாண்டார்கள். அதன் பிறகே மாநிலம் முழுவதும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறங்கின. நம் டெல்டாவில் எந்தப் பள்ளியின் கூரையைப் பற்றிப் பேசினாலும் அந்த 94 பேரும் அங்கே இருக்கிறார்கள்.

2022இலிருந்து ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்திருக்கிறது. மறு ஆண்டு நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. ஏணிப்படிக்குப் பதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். ஒரே வகுப்பில் இருப்பவர்களே வேறு வேறு நிலையில் இருக்கலாம். கிராமப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள் என்பதால், பெயர் எதுவானாலும் மூத்தது இளையதற்குச் சொல்லிக் கொடுத்தே தீர வேண்டியிருக்கிறது.

மேட்டூரின் கணக்கும் இப்போது ஒழுங்காக இல்லை. 2024இல் நீர் போதாமல் ஜூலை 28 அன்றுதான் அணை திறந்தது. 2025இல் பழையபடி ஜூன் 12. நடவு இயந்திரம் வந்த வயல்களில் பிள்ளைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் தாய் நூறு நாள் வேலைக்கும் தகப்பன் திருப்பூருக்கும் போய்விட்ட வீடுகளில், தம்பி தங்கையைப் பள்ளிக்குக் கிளப்புவது இன்றும் ஒரு பத்து வயதுப் பெண்தான். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அதனால் பள்ளி நாள் இப்போது அட்டையோடு தொடங்குவதில்லை, தட்டோடு தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வகுப்புக்குப் பாயை விரித்து, தண்ணீர் எடுத்து வைத்து, உப்புமாவைச் சிந்தாமல் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதல் பாடம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. ஆசிரியை வருகைப் பதிவேட்டைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.